கத்தரிக்கோலோடு மீமிசலுக்கு

குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 33 அடி உயரம். முன்னங்கால்களைத் தூக்கி, வானத்தைப் பார்த்துத் தாவி நிற்கிறது. நான் போனபோது மாசி மகம் முடிந்திருந்தது. திருவிழா அன்று சாத்திய மாலைகள் இன்னும் கழுத்தில் கிடந்தன. அத்தனையும் காகிதப் பூ மாலைகள். ரோஸ், மஞ்சள், பச்சை, ஊதா. வெயில் பட்ட பக்கம் நிறம் வெளுத்து, உட்பக்கம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய நிறத்திலேயே இருந்தது. காற்றடித்தால் குதிரையின் உடம்பு முழுக்கச் சலசலத்தது.

கீரமங்கலம் வட்டாரத்தில் மாசி மகத்தை அறியாதவர்கள் இல்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேனிலும் காரிலும் மாலைகளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். குதிரையின் தலையிலிருந்து தரை வரை தொங்கும் நீளம் ஒவ்வொன்றும். ஆயிரக்கணக்கில் சேரும். குதிரையே மறைந்துபோய், மாலைகளின் மலை ஒன்றுதான் வில்லுனி ஆற்றங்கரையில் நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கீரமங்கலம் பூவுக்குப் பேர்போன ஊர். மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் தோட்டம் தோட்டமாக விளைகின்றன. விடிகாலையில் பூ மண்டி மணக்கும். நிஜப் பூவுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. இருந்தும் அய்யனார் குதிரைக்குக் காகிதப் பூதான். முப்பதடி மாலையை மல்லிகையில் கட்டினால் தூக்கவும் முடியாது, சாயங்காலத்துக்குள் வாடியும் போகும் என்று கணக்குச் சொல்லலாம். கணக்கு சரிதான். ஆனாலும் அது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. பூவை வளர்ப்பது இவர்களுக்குப் பிழைப்பு. காகிதத்தை மடித்து, நறுக்கி, நூலில் கோத்துப் பூவாக்குவது விளையாட்டு. சாமிக்கு அந்த விளையாட்டைக் கொடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் மேரி டிலேனி என்றொரு அம்மா இருந்தார். 72 வயதில், கணவரை இழந்த பிறகு, வண்ணக் காகிதத்தை இதழ் இதழாக நறுக்கிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். பார்வை மங்கிக் கைவிடும் வரை ஏறக்குறைய ஆயிரம் பூக்கள் ஆகிவிட்டன. இன்று அவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யாரும் கேட்டுச் செய்ததில்லை, விற்கச் செய்ததுமில்லை. குளமங்கலத்துக் குதிரையின் காலடியில் நின்றபோது அவருடைய நினைவுதான் வந்தது. அவருடைய பூக்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள். இந்தப் பூக்கள் அடுத்த மழையில் கரைந்து மண்ணோடு போகும், அடுத்த மாசியில் புதிதாக வரும். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், நான் அடுத்த மாசியின் பக்கம்.

என் பையில் ஒரு கெட்டி அட்டை நோட்டு, கத்தரிக்கோல், நாலு பட்டைத் தூரிகை, ஒரு சின்ன வண்ணப் பெட்டி. போகிற வழியில் கிடைப்பதை மட்டும் வெட்டி, கிழித்து, ஒட்டி, மேலே வண்ணம் பூசிப் படம் செய்வது என்று கிளம்பியிருந்தேன். போய்ச் சேர வேண்டிய இடம் மீமிசல். உப்பும் வலையும் சேறும் ஒரே இடத்தில் இருக்கிற கடற்கரை அது. கீழே விழுந்து கிடந்த காகிதப் பூக்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. சாமிக்குப் போட்டது சாமியுடையது. அதே காகிதம் அறந்தாங்கிக் கடைத்தெருவில் தாள் கணக்கில் கிடைக்கிறது.

அறந்தாங்கியில் வாங்கியவை: கலர் பேப்பர், ஜிகினாத் தாள், கால் கிலோ மைதா. தையல் கடை ஒன்றில் வெட்டுத்துணி கேட்டேன். காசு வாங்காமல் ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். பாவாடை ஓரம், ரவிக்கைத் துண்டு, பள்ளிச் சீருடையின் கட்டம் போட்ட துணி, எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு ஊரின் ஓராண்டு நல்லது பொல்லதுகள் அந்தப் பைக்குள் இருந்தன என்றே சொல்லத் தோன்றுகிறது. தீபாவளிப் பட்டும் இருந்தது, மலைக்குப் போகிறவர்களின் கறுப்புத் துணியும் இருந்தது.

மைதாப் பசை காய்ச்சுவது எளிது, ஆனால் முறை உண்டு. மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். பால்போல இருந்தது கண்ணாடிபோல மாறும்போது இறக்கிவிட வேண்டும். நேராகச் சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் வாளி வாளியாகக் காய்ச்சுவதும் இதைத்தான். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற பசையில் துத்தம் கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, மெல்லிய தாளின் ஒரு பக்கம் மட்டும் பசை தடவினால் அது சுருண்டுகொள்ளும். ஒட்டப்போகிற அட்டையின் முதுகுப் பக்கத்திலும் ஒரு கை பசை தடவிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் காய்ந்து அட்டை நேராக நிற்கும்.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் பேருந்தில் வாங்கிய டிக்கெட்டையும் நோட்டுக்குள் வைத்தேன். பேருந்துச் சீட்டை ஓவியத்தில் ஒட்டுவதற்கு முன்னோர் உண்டு. ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 முதல் டிராம் சீட்டு, மிட்டாய்த் தாள், செய்தித்தாள் துணுக்கு, மரச்சில்லு என்று தெருவில் கிடைத்ததையெல்லாம் ஒட்டினார். முதல் உலகப் போர் முடிந்து நாடே நொறுங்கிக் கிடந்த காலம் அது. உடைந்தவற்றிலிருந்தே புதிதாக ஒன்றைக் கட்டலாம் என்பது அவர் கட்சி. தான் செய்தவற்றுக்கெல்லாம் 'மெர்ஸ்' என்று பெயர் வைத்தார். ஒரு வங்கி விளம்பரத்தில் 'கொமெர்ஸ்' என்ற சொல்லை நறுக்கியபோது கிடைத்த பாதிச் சொல் அது.

ஆவுடையார்கோவிலில் இறங்காமல் மீமிசலுக்குப் போவது எனக்கு முடியாத காரியம். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை இது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கீழைக்கடற்கரைக்குப் பணத்தோடு வந்த அமைச்சர் இங்கேயே தங்கிக் கோயில் திருப்பணிக்குப் பணத்தைச் செலவழித்த கதையும், நரிகள் பரிகளான கதையும் எல்லாருக்கும் தெரியும். குளமங்கலத்தில் குதிரையைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இங்கே குதிரைக்காரராகவே சிவன் நிற்பது கூடுதல் சந்தோஷம். கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும். வடித்த சோற்றின் ஆவிதான் நிவேதனம்.

ஆனால் நான் கழுத்து வலிக்க நின்றது கொடுங்கைக்குக் கீழே. கூரையின் ஓரத்தைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். மரச் சட்டம், அதன் மேல் குறுக்குக் கட்டை, கட்டிய கயிறு, அடித்த ஆணியின் தலை, எல்லாம் கல். ஓலைக்கூரைக்கும் ஓட்டுக்கூரைக்கும் உள்ள அத்தனை வேலையும் கருங்கல்லில். பழைய நாளில் ஸ்தபதிகள் கோயில் கட்ட ஒப்புக்கொள்ளும்போது ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக என்று எழுதிக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. அவ்வளவு கடினமான வேலை. ஆனால் அந்தக் கடினத்துக்குள் இருப்பது ஒரு குறும்பு. கல்லே, நீ கொஞ்ச நேரம் கயிறாக இரு என்று சொல்லியிருக்கிறான் அந்தச் சிற்பி.

1912இல் பாரிஸில் பிக்காஸோ செய்ததும் இதற்குப் பக்கத்து வீட்டுக் குறும்புதான். பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணி ஒன்றை ஓவியத்தின் நடுவே ஒட்டினார். நீள்வட்டப் படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதில் நிஜக் கயிற்றைச் சுற்றினார். பொய்ப் பிரம்பு, மெய்க் கயிறு. மேற்கத்திய ஓவியத்தில் கொலாஜ் அங்கிருந்து தொடங்குகிறது என்று கலை வரலாறு எழுதுகிறது. ஆவுடையார்கோவிலில் கயிறும் பொய், ஆணியும் பொய், ஆனால் அவற்றைச் செய்த கைக்கு இருந்த உற்சாகம் மெய். ஒரு பொருளை இன்னொன்றாக நடிக்க வைக்கும் ஆசை பாரிஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே அறந்தாங்கிப் பக்கத்தில் இருந்தது என்று நான் சொன்னால் அது பெருமைக்காக அல்ல. வெட்டி ஒட்டுவது நமக்கு வெளியிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை இங்கே அழைத்து வந்து கொடுங்கைக்குக் கீழே நிறுத்த வேண்டும்.

நம் வீட்டுச் சுவர்களையே பாருங்கள். தஞ்சாவூர் ஓவியம் என்பது என்ன? பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, கண்ணாடிக் கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டி, மிஞ்சிய இடத்தில் வண்ணம் தீட்டுவது. அஞ்சு பொருள் சேர்ந்த ஒட்டு வேலை. செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா அச்சகத்து லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜத் துணியில் சேலை கட்டி, ஜரிகை வைத்து, சமுக்கி தைத்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து ஆயிரமாயிரமாக வந்த ஒரே மாதிரியான படம், காரைக்குடியில் ஒரு வீட்டுப் பெண்ணின் கைபட்டு வேறெங்கும் இல்லாத படமாகிவிடும். தேருக்குக் கட்டும் தொம்பையும் வெட்டுத்துணியை வைத்துத் தைத்ததுதான். தர்காக்களில் சந்தனக்கூடு ஊர்வலத்துக்குக் கூடு கட்டுவதும் மூங்கிலும் வண்ணக் காகிதமும் சேர்ந்த வேலை. யாரும் இவற்றைச் செய்யக் கலைக் கல்லூரிக்குப் போகவில்லை.

மீமிசலை நெருங்கும்போது நிலம் தட்டையாகிவிடுகிறது. கண்மாய்க் கரைகளும் கருவேலமும் பின்னே போக, காற்றில் உப்பு வந்து ஒட்டுகிறது. ஊருக்குள் கிழக்குக் கடற்கரைச் சாலை குறுக்கே ஓடுகிறது. வடக்கே போனால் கோட்டைப்பட்டினம், மணமேல்குடி. தெற்கே போனால் சுந்தரபாண்டியன்பட்டினம், தொண்டி. இதே சாலையின் வட கோடியில், சென்னைக்குப் பக்கத்து ஈஞ்சம்பாக்கத்தில், 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்த இளைஞர்களும் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உண்டாக்கினார்கள். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலத்தில் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் அந்த மணல்காட்டை வாங்கினார்கள். கையில் அழுக்குப் படுகிற வேலையே அவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டே சாலையைப் பார்த்தபோது, அங்கே போகிற லாரிகள் எனக்குப் பழக்கமான ஒரு முகவரிக்குப் போவதாகவே தோன்றியது.

மீமிசல் கடல் அலையடிக்கிற கடல் அல்ல. பாக் நீரிணை ஆழம் குறைந்தது. கரையில் மணலைவிடச் சேறு அதிகம். தண்ணீர் தளும்பிக்கொண்டு மட்டும் இருக்கும். நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் சேற்றில் சாய்ந்து கிடந்தன. தெற்கே முத்துக்குடாப் பக்கம் அலையாத்திச் செடிகள் பச்சைக் கோடு போட்டதுபோல் தெரிந்தன. கரை ஓரம் கடல்புல் வாரி வாரி ஒதுங்கியிருந்தது. நீள நீளமான கரும்பழுப்பு நாடாக்கள். காய்ந்தால் காகிதம்போல் ஆகிவிடும், ஒட்டுவதற்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. இந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடல்பசு பிழைக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. உயிரோடு வேரூன்றி நிற்கும் புல்லைத் தொடக் கூடாது. ஒதுங்கியதில் ஒரு பிடி போதும்.

பொறுக்கியது: அறுந்த நைலான் வலைத் துண்டுகள், பச்சையும் நீலமும். உடைந்த மிதவை. ஒற்றைச் செருப்பின் வார். நண்டு ஓடு. பீடிக்கட்டின் மேல் ஒட்டும் லேபிள், அதில் அச்சு அப்படியே பளிச்சென்று இருந்தது. தேய்ந்துபோன கிளிஞ்சல் சில. கரையில் பவளத் துண்டு கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள், 2001 முதல் பவளங்களும் கடல்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. கடல்குதிரையைத் தாளிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

ஒரு பெரியவர் படகு நிழலில் உட்கார்ந்து வலை ஊசியால் கிழிசலைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார்.

"என்ன தாயி, குப்பையாப் பொறுக்குற? பழைய இரும்புக் கடைக்கா?"

"இல்லைங்கய்யா. படம் ஒட்டப் போறேன்."

"இதுலயா?" என்று வலைத் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது நண்டு வலை. கண்ணி பெருசு. மீனு செய்யணும்னா சின்னக் கண்ணி எடு. செதிலு மாதிரி இருக்கும்." அவரே தன் மடியிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. நாற்பது ஐம்பது வருஷம் மீனையும் வலையையும் சேர்த்துப் பார்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும்.

மீமிசல் பக்கம் உப்பளங்கள் உண்டு. பாத்திகளில் தண்ணீர் வற்றி வெள்ளை கட்டியிருந்தது. கடையில் வாங்கிய கல்லுப்பைத்தான் நான் பயன்படுத்தினேன். நீர்வண்ணத்தோடு உப்பு ஒரு வித்தை காட்டும். தாளில் நீலத்தைத் தாராளமாகப் பூசி, ஈரத்தின் பளபளப்பு அடங்கத் தொடங்கும் நேரத்தில் உப்பைத் தூவ வேண்டும். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்கும். நிறம் விலகி, வெளிறிய நட்சத்திரங்கள் தோன்றும். நன்றாகக் காய்ந்த பிறகு உப்பைத் தட்டிவிட்டால் நுரை பூத்த கடல் மிஞ்சும். தண்ணீர் தேங்கியிருக்கும்போதே போட்டால் உப்பு கரைந்துபோகும். காய்ந்த பிறகு போட்டால் ஒன்றும் நடக்காது. இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் தாளைச் சாய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, இப்போதா இப்போதா என்று காத்திருப்பதில் ஒரு தனிக் குதூகலம் இருக்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் இருப்பதால் அந்த நேரம் ஊரில் இருப்பதைவிட நீண்டது. அவசரமில்லாமல் தூவ முடிந்தது.

உப்புத் தூவுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் தூரத்தில் நின்றார்கள். பிறகு "அக்கா, நானு?" என்று ஒரு குரல். அப்புறம் பை முழுதும் சேற்றங்கரையில் கொட்டப்பட்டது. பள்ளிக்கூட அட்டைப்படம் என்றால் கோடு போட்டு, பெயர் எழுதி, மதிப்பெண்ணுக்கு என்று ஆகிவிடும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரு சிறுமி சீருடைத் துணியின் கட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டி வீடுகள் ஆக்கினாள். ஒரு பையன் பேருந்துச் சீட்டைக் கிழித்து வானத்தில் ஒட்டிப் பறவை என்றான். இன்னொருத்தி ஜிகினாத் தாளைச் சுக்குநூறாக்கிப் பசையின் மேல் கொட்டினாள், நிறுத்தவே இல்லை. அவளுக்கு அந்தக் கொட்டுதலே போதுமாக இருந்தது. அவள் அட்டை முழுக்கப் பளபளத்தது, வேறு ஒன்றும் இல்லை. அன்றைக்குச் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வினோத் பிஹாரி முகர்ஜியை நினைத்துக்கொண்டேன். சாந்திநிகேதனின் பெரிய ஓவியர். 1950களின் பிற்பகுதியில், கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வையை முழுக்க இழந்தார். அதற்குப் பிறகு வண்ணக் காகிதங்களை விரலால் தடவித் தடவி வெட்டி ஒட்டினார். அமர்ந்த பெண்கள், பழம், பூனை. சத்யஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 1972இல் வந்தது. பார்வையிருந்த நாளில் சாந்திநிகேதன் சுவர்களை நிறைத்த அவருடைய பெரும் ஓவியங்களைவிட இந்தக் காகிதத் துண்டுகளில் எனக்கு நெருக்கம் அதிகம். அவருடைய மாணவர் கே.ஜி. சுப்ரமணியன் இன்னும் ஒரு படி போனார். பரோடாவில் 1960களில் நுண்கலைத் துறை நடத்திய சந்தைக்காக மரம், தோல், மணி, கயிறு எல்லாம் கோத்துப் பொம்மைகள் செய்தார். நாடறிந்த ஓவியர், பேராசிரியர், பிள்ளைகளுக்கு விற்கப் பொம்மை செய்தார், அதைத் தன் மற்ற வேலைகளிலிருந்து பிரித்துக் கீழே வைக்கவும் இல்லை. பெரியவர்கள் வெட்டி ஒட்ட வெட்கப்படும்போதெல்லாம் நான் சொல்கிற பெயர் அவருடையதுதான்.

வெயில் தாழ்ந்தபோது வலைப் பெரியவர் எழுந்து வந்தார். வரிசையாகக் காயவைத்த அட்டைகளைக் கைகட்டிக்கொண்டு பார்த்தார். அவர் கொடுத்த சின்னக் கண்ணி வலை ஒரு பையனின் மீனில் செதிலாகியிருந்தது. அதைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த அட்டையில் செருப்பு வாரில் செய்த படகு. அங்கே நின்றுவிட்டார்.

"அணியம் எந்தப் பக்கம்டா?"

படகின் முன்முனை இதுதான் என்று பையன் இடப்பக்கத்தைக் காட்டினான்.

"காத்து அங்கிட்டு இருந்துல்ல வருது, பாயைப் பாரு. அணியம் இந்தப் பக்கம் வரணும்."

பாய் என்பது ரவிக்கைத் துண்டு. பையன் பாயைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். வீடுகள் செய்த சிறுமி, படகு கரைக்குத் திரும்பி வருகிறது, அப்படியே இருக்கட்டும் என்றாள். வாக்குவாதம் ஏறியது. ஜிகினாக்காரி அதைக் கேட்கவே இல்லை, மிச்சமிருந்த தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பையன் பசை காயாத பாயை மட்டும் பிய்த்தான். கிண்ணத்தின் அடியில் மீதியிருந்த மைதாவை வழித்துத் தடவி, மறுபக்கமாகத் திருப்பி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்பச் சரியா தாத்தா?" என்றான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, நங்கூரத்தைக் காணோமே என்றார். நான் பையைக் கவிழ்த்து நண்டுக்கால் தேடத் தொடங்கினேன்.